கூவும் பரண், மௌனப் பரண்

1

ஜெர்மன் ஓவியர் ஸிக்மர் போல்க்கே 1984 இல் ஒரு வரிசைச் சித்திரங்களைத் தொடங்கினார். கடையில் கிடைக்கிற அச்சடித்த துணி. அதன்மேல் நாலு காலில் நிற்கும் ஒரு மரக்கூண்டின் உருவம். ஏற ஓர் ஏணி. கூண்டில் ஆள் இல்லை. இச்சித்திரங்களுக்கு அவர் வைத்த பெயர் ‘ஹோக்ஸிட்ஸ்’. சொல்லுக்குச் சொல் பார்த்தால் உயர்ந்த இருக்கை. வழக்கில், மான் சுடுவதற்காகக் காட்டோரத்தில் கட்டி நிறுத்தும் பரண். இவற்றில் ஒன்று நியூயார்க் நவீன கலை மியூஸியத்தில் இருக்கிறது. ஆங்கிலத்தில் அதன் பெயர் ‘காவல் கோபுரம்’.

இந்தப் பெயர் மாற்றம் சின்ன விஷயம் அல்ல. ஜெர்மானியன் முதலில் பார்ப்பது, ஞாயிற்றுக்கிழமை குடும்பத்தோடு உலாவப் போகிறபோது வயலோரத்தில் தென்படும் சர்வசாதாரணமான ஒரு பொருளை. அதற்கு அடுத்த கணம்தான் முகாம்களின் கோபுரமும் எல்லைக் கோபுரமும் அவனுக்கு ஞாபகம் வருகின்றன. சித்திரத்தின் உயிர் அந்தக் கண இடைவெளியில் இருக்கிறது. ஆங்கிலத் தலைப்பு அந்த இடைவெளியை அடைத்துவிட்டு முடிவை முன்னாலேயே சொல்லிவிடுகிறது. நாம் ஐரோப்பியக் கலையை ஆங்கிலத்தின் வழியாகவே அறிகிறவர்கள். நமக்கு மரப்பரண் தெரியாமலே கோபுரம் மட்டும் தெரிந்துவிடுகிறது.

ஆகவே மரப்பரணின் சரித்திரத்தைக் கொஞ்சம் பார்க்கலாம் என்று தோன்றியது. வேட்டை எனக்குப் பழக்கமில்லை, விருப்பமும் இல்லை. ஆனால் ஒரு சமூகம் எங்கிருந்து பார்க்கிறது, யார் பார்க்கிறார்கள், பார்க்கிறவர்கள் வாயைத் திறக்கிறார்களா என்பவை ஒரு விமர்சகன் கேட்கத் தகுந்த கேள்விகள்தாம்.

2

1525 இல் தென்ஜெர்மனியின் மெம்மிங்கன் நகரில் விவசாயிகள் தங்கள் கோரிக்கைகளைப் பன்னிரண்டு ஷரத்துகளாக எழுதி அச்சிட்டார்கள். எழுதியதில் பெரும்பங்கு ஸெபாஸ்டியன் லோட்ஸருடையது. தோல் ஆடை தைக்கும் தொழிலாளி. நாலாவது ஷரத்து வேட்டையைப் பற்றியது. காட்டு விலங்கையும் பறவையையும் மீனையும் பிடிக்க ஏழைக்கு உரிமை இல்லை என்பது ஒரு புகார். பிரபுக்கள் தங்கள் கேளிக்கைக்காகப் பெருக்கிய விலங்குகள் பயிரைத் தின்று தீர்க்க, குடியானவன் வாய்மூடிப் பொறுத்துக்கொள்ள வேண்டியிருக்கிறது என்பது அதைவிட முக்கியமான புகார்.

இது மிகைப்படுத்தப்பட்ட குற்றச்சாட்டு அல்ல. பல சமஸ்தானங்களில் குடியானவன் தன் வேலியில் கூரான கம்பு நடக் கூடாது. தாண்டும் மானின் வயிறு கிழிந்துவிடும். அவனுடைய நாயின் கழுத்தில் ஒரு கட்டையைத் தொங்கவிட வேண்டும். இல்லாவிட்டால் அது மானைத் துரத்தும். அவனுக்கு மிஞ்சியது ஒன்றே ஒன்று: ராத்திரி முழுக்க வயலில் விழித்திருந்து சத்தம் போட்டு விரட்டுவது. பயிர்க் காவலுக்காக உட்கார்ந்த ஜெர்மன் குடியானவன் கையில் ஆயுதம் இல்லை; தொண்டை இருந்தது.

கலகம் அந்த வருஷமே ரத்தத்தில் முடிந்தது. லூதர் விவசாயிகளைக் கைவிட்டு, அவர்களை வெட்டுவது தகும் என்று எழுதினார். மூன்று நூற்றாண்டுகளுக்கும் மேல் மான் பிரபுவின் மானாகவே இருந்தது.

3

அந்தக் காலத்துப் பிரபுவுக்குப் பரண் தேவைப்படவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். வியன்னாவில் உள்ள லூக்காஸ் க்ரானாஹின் 1529 ஆம் வருஷத்து ஓவியத்தில், ஸாக்ஸனி அரசர் மானைத் தேடிப் போகவில்லை. மான்கள் அவரிடம் விரட்டப்பட்டு வந்து, தண்ணீரில் திணறுகின்றன. அவரும் விருந்தினரும் கரையோரத் தழை மறைவில் குறுக்குவில்லோடு நிற்கிறார்கள். விரட்டுவதும் வலை சுமப்பதும் குடியானவர்களின் கூலியில்லா வேலை. எவனுக்கு ஊரையே ஏவ முடியுமோ அவன் காத்திருக்க வேண்டியதில்லை.

இம்முறையின் உச்சம் 1812 நவம்பரில் பேபன்ஹவ்ஸனில் நடந்தது. வூர்ட்டம்பர்க் மன்னர் ஃப்ரெடரிக்கின் பிறந்த நாளை ஒட்டி ‘டயானா விழா’. மேடையும் தூண்களும் கட்டி, வலைக்குள் அடைத்து விரட்டிய விலங்குகளை மன்னரும் விருந்தினரும் சுட்டார்கள். எண்ணூறுக்கும் மேற்பட்டவை ஒரே நாளில் விழுந்தன. அதே மாதத்தில் அவர் நெப்போலியனுக்கு அனுப்பிய படைவீரர்கள் ருஷ்யப் பனியில் விழுந்துகொண்டிருந்தார்கள். அங்கே இருந்தது நாடக மேடை. பார்க்கப்படுவதற்காகவே கட்டப்பட்டது. கொலை பகிரங்கமாக, எக்காளத்தோடு நடந்தது.

ஆக, பரண் இந்தக் கதையில் இன்னும் வரவில்லை. ஒரு பக்கம் சத்தம் போடும் குடியானவன். மறுபக்கம் எக்காளம் ஊதும் மன்னன். இரண்டு பேருமே சத்தக்காரர்கள்.

4

1848 புரட்சி இதைக் கவிழ்த்தது. பிறர் நிலத்தில் வேட்டையாடும் பிரபுவின் உரிமை போயிற்று. நிலம் யாருடையதோ வேட்டை உரிமையும் அவனுடையது என்று ஃப்ராங்க்ஃபர்ட் பாராளுமன்றம் அறிவித்தது. மூன்று நூற்றாண்டுக் கோபம். குடியானவர்கள் கண்ணில் பட்டதையெல்லாம் சுட்டார்கள். பல பகுதிகளில் மான் இனம் ஏறக்குறையத் துடைக்கப்பட்டது.

அந்தச் சுதந்திரம் நீடிக்கவில்லை. 1850 மார்ச்சில் ப்ரஷ்யா ஒரு புதுச் சட்டம் கொண்டுவந்தது. உரிமை நிலத்தோடுதான் இருக்கும். ஆனால் தொடர்ச்சியாக 300 மோர்கன் நிலம் வைத்திருப்பவன் மட்டுமே அதைப் பிரயோகிக்கலாம். நம் கணக்கில் ஏறத்தாழ 190 ஏக்கர். அதற்குக் குறைந்த துண்டுகளைச் சேர்த்துப் பொது வட்டகையாக்கி ஒருவருக்குக் குத்தகைக்கு விட வேண்டும். குடியானவனின் கையில் கொடுத்த துப்பாக்கி, அளவுகோலைக் கொண்டு பிடுங்கப்பட்டது. குத்தகைக்கு எடுத்தவர்களில் நகரத்து வக்கீலும் டாக்டரும் ஆலை முதலாளியும் உண்டு.

பரணின் பிறப்பிடம் இந்தக் குத்தகைதான் என்பது என் எண்ணம். நகரத்து மனிதனுக்கு ஊரை ஏவும் அதிகாரம் இல்லை. காட்டைப் பிறவியிலிருந்தே அறிந்தவனும் இல்லை. அவனிடம் இருப்பது எல்லை வரைந்த ஒரு வரைபடம், சில மாலைப் பொழுதுகள், ஒரு நல்ல துப்பாக்கி. மானைத் தேடி அலைந்தால் பக்கத்து வட்டகைக்குத் துரத்திவிடுவான். ஓரிடத்தில் உட்கார்ந்தால் மான் தானாக வரும்.

இதோடு இரண்டு காரணங்கள் சேர்ந்தன. 1880களில் புகையற்ற வெடிமருந்து வந்தது. 1898 இல் மவுஸர் துப்பாக்கி ஜெர்மன் ராணுவத்துக்கு வந்து, அதே அமைப்பு வேட்டைக்காரர் கைக்கும் வந்தது. இத்தகைய குண்டு குறி தவறினால் கிலோமீட்டர் கணக்கில் போகும். கிராமங்கள் நெருங்கிய நாட்டில் இது ஆபத்து. மேலிருந்து கீழ்நோக்கிச் சுட்டால் குண்டு மண்ணில் புதையும். இரண்டாவது, ஒரு கொள்கை. டார்ஸ் தீபகற்பத்தில் வன அதிகாரியாக இருந்த ஃபெர்டினாண்ட் ஃபொன் ராய்ஸ்ஃபெல்ட் (1855-1929) போன்றவர்கள், துப்பாக்கியாலேயே மான் இனத்தைப் பேண வேண்டும் என்றார்கள். கிழடு, நோயாளி, கொம்பு சரியில்லாதது, இவற்றைப் பொறுக்கிச் சுடு, நல்லதை விடு. பொறுக்குவதற்கு ஒவ்வொரு மானையும் நிதானமாகப் பார்க்க வேண்டும். தூரதரிசினி வேண்டும், அசையாத இருக்கை வேண்டும்.

5

இனி பரணின் கட்டுமானம். மரத்தில் ஏறி உட்காருவது எந்த நாட்டிலும் புதிதல்ல. ஏணியை மரத்தில் சாய்த்து, மேலே ஒரு பலகை அடித்தாலே ஓர் ஆசனம் ஆகிவிடும். ஆனால் மரம் காற்றில் ஆடும். ஆடினால் குறி ஆடும். மரம் வளரும், கட்டியது பிளக்கும். ஆணி அடித்த மரத்துக்கு மரக்கடையில் விலை குறையும். எல்லாவற்றுக்கும் மேலாக, மரம் தான் நிற்கிற இடத்தில்தான் நிற்கும். மானோ காடும் வயலும் சேரும் விளிம்புக்கு வருகிறது. தனித்து நிற்கும் பரண் இந்த அடிமைத்தனத்திலிருந்து விடுதலை. வரைபடத்தில் விரலை வைத்த இடத்தில் அது நிற்கும்.

நாலு கம்பங்கள், ஸ்ப்ரூஸ் அல்லது லார்ச் மரம். பட்டையை உரித்துவிட வேண்டும். பட்டைக்கும் மரத்துக்கும் நடுவே ஈரம் தங்கி உளுத்துவிடும். கால்கள் கீழே அகன்று மேலே ஒடுங்க வேண்டும். மண்ணில் புதைத்தால் மண்ணும் காற்றும் சேரும் மட்டத்தில் மரம் முதலில் அழுகும்; ஆகவே தட்டையான கல்லின் மேல் நிறுத்தி, காற்றுக்குச் சாயாமல் தனியாகப் பிணைப்பார்கள். நாலு பக்கமும் பெருக்கல் குறிபோலக் குறுக்குச் சட்டம். சதுரச் சட்டத்தைப் பக்கவாட்டில் தள்ளினால் சாய்ந்துவிடும், முக்கோணம் சாயாது. பரணின் உறுதி முழுவதும் இந்த ஒரு ஜியோமிதி உண்மையில் நிற்கிறது. ஏணியின் படிகளை வெறும் ஆணியால் அடிப்பது தப்பு. கம்பத்தில் வெட்டுக் கொடுத்து உட்கார்த்த வேண்டும். ஆளின் பாரம் மரத்தின் மேல் இறங்க வேண்டும், ஆணியின் மேல் அல்ல. மூன்று நாலு மீட்டர் உயரத்தில் தளம், பெஞ்சு, முழங்கை ஊன்றத் தோள் மட்டத்துக்குக் கொஞ்சம் கீழே ஒரு கட்டை. கூரையும் சுவரும் வைத்தால் அதற்கு வேறு பெயர்: ‘கான்ட்ஸல்’. தேவாலயத்தில் பாதிரியார் ஏறிப் பிரசங்கிக்கும் மேடைக்கும் ஜெர்மனில் அதுதான் பெயர்.

கட்டி முடித்த பின்புதான் முக்கியமான வேலை ஆரம்பமாகிறது. தளத்தில் பழைய கம்பளம் விரிக்க வேண்டும். பூட்ஸ் உரசக் கூடாது. ஜன்னல் கதவின் கீலுக்கு எண்ணெய் விட வேண்டும். பரணுக்கு வரும் ஒற்றையடிப் பாதையைப் பெருக்கிச் சருகு நீக்க வேண்டும். காலடியில் ஒரு சுள்ளி முறிந்தால் அன்றைய மாலை போயிற்று. காற்று எந்தத் திசையில் வீசுகிறதென்று பார்த்துத்தான் ஏற வேண்டும். மான் நிறத்தை நம் அளவுக்குப் பிரித்தறியாது. ஆனால் அசைவையும் வாடையையும் விடாது. மூங்கில் மேடையில் தகரத்தைத் தட்டிக்கொண்டு உட்காருகிறவனுக்கும் இவனுக்கும் உயரம் ஒன்றுதான். இவன் கட்டுவது உயரத்தை அல்ல, நிசப்தத்தை.

6

பரண் நாடெங்கும் பெருகியதற்கு ஒரு சட்டமும் காரணம். 1934 ஜூலை 3 ஆம் தேதி ஜெர்மன் ராஜ்ய வேட்டைச் சட்டம் பிறந்தது. ஹெர்மன் கோரிங் ராஜ்ய வேட்டைத் தலைவர். மான் முதலிய குளம்பு விலங்குகளைச் சிறு ரவைகளால் சுடுவது தடைசெய்யப்பட்டது. ரவை மானைக் கொல்லாமல் புண்படுத்தி ஓடவிடும். இனித் துப்பாக்கிக் குண்டு மட்டுமே. குண்டு என்றால் மேலிருந்து சுட வசதி. ஒவ்வொரு வட்டகைக்கும் வருஷத்துக்கு எத்தனை மான், எந்த வயது, ஆணா பெண்ணா என்று திட்டம் போட வேண்டும். சுட்டதைப் பட்டியலில் எழுத வேண்டும். வங்கியில் பேரேடு எழுதிப் பிழைக்கிற எனக்கு அந்தப் பத்திகளின் ஒழுங்கு நன்றாகவே புரிகிறது. வரவும் செலவும் சமமானால் மனசாட்சி அமைதியாகிவிடும்.

வேட்டையின் தர்மம் என்பது அந்தச் சட்டத்தில் ஒரு கடமையாகவே எழுதப்பட்டது. அதே ஜூலை 3 ஆம் தேதி இன்னொரு சட்டமும் அதே அமைச்சரவையில் நிறைவேறியது. ஜூன் 30 முதல் ஜூலை 2 வரை விசாரணை இன்றி நடந்த அரசியல் கொலைகள் எல்லாம் ராஜ்யத்தின் தற்காப்பே, ஆகவே சட்டபூர்வமானவை என்றது அது. பெர்லினில் அந்தக் கொலைகளை நடத்தியவர் கோரிங். ஒரே நாளில், ஒரே கையால், மானை வலியின்றிக் கொல்ல விதிமுறையும் மனிதனை விதிமுறையின்றிக் கொன்றதற்கு ஒப்புதலும். இதை வைத்துக்கொண்டு, வேட்டைச் சட்டம் தீயது என்று நான் வாதிக்கவில்லை. அதன் பெரும்பகுதியை 1952 இல் மேற்கு ஜெர்மனி தன் கூட்டாட்சிச் சட்டத்தில் எடுத்துக்கொண்டது. மானுக்கு அது நல்லதாகவும் இருந்திருக்கலாம். ஒரு துறையில் காட்டும் நுட்பமான கருணை இன்னொரு துறையைப் பற்றி எந்த உத்தரவாதமும் தராது என்பதுதான் விஷயம்.

கிழக்கு ஜெர்மனி 1953 இல் வேட்டையை நில உடைமையிலிருந்து பிரித்தது. வேட்டை உரிமை பொதுவுக்கு வந்தது. துப்பாக்கிகள் பெரும்பாலும் பொது இடத்தில் பூட்டிவைக்கப்பட்டன. மெம்மிங்கன் விவசாயிகளின் கனவு நனவானதுபோல இருந்தது. ஆனால் பெர்லினுக்கு வடக்கே ஷோர்ஃபைடே காடு சாமானியனுக்குத் திறக்கவில்லை. கெய்ஸர் வில்ஹெல்ம் வேட்டையாடிய அந்தக் காட்டில், கோரிங் மாளிகை கட்டிய அந்தக் காட்டில், எரிக் ஹோனெக்கர் வேட்டையாடினார். ஆட்சிகள் மாறின, மானைப் பார்க்கிற ஆசனம் மாறவில்லை.

அதே நாட்டின் மேற்கு எல்லையில், சுமார் 1,400 கிலோமீட்டர் நெடுக, வேறு பரண்கள் நின்றன. ஆரம்ப வருஷங்களில் அவையும் மரத்தால் ஆனவை. நாலு கால், குறுக்குச் சட்டம், ஏணி, கூண்டு. பின்னால் காங்க்ரீட் வந்தது. ஒரே தச்சனால் இரண்டையும் கட்டிவிட முடியும். போல்க்கே 1941 இல் ஸைலீஷியாவில் பிறந்து, 1945 இல் குடும்பத்தோடு விரட்டப்பட்டுத் துரிங்கியாவுக்கு வந்து, 1953 இல் மேற்குக்குத் தப்பியவர். அவருடைய ஆளில்லாக் கூண்டை ‘காவல் கோபுரம்’ என்று பெயர்க்கிறபோது என்ன இழக்கிறோம் என்பது இப்போது தெளிவாகும். கோபுரம் நம்மைக் குற்றம்சாட்ட விடுகிறது. யாரோ கொடியவர் கட்டியது அது. பரண் என்றால் பக்கத்து வீட்டு நல்ல மனிதர் லீவு நாளில் கட்டியது.

7

வேட்டைக்குத் தத்துவப் பெருமை தேடித் தந்தவர்களில் ஓர்த்தெகா இ காஸெத் முக்கியமானவர். 1942 இல் ஒரு நண்பரின் வேட்டை நூலுக்கு எழுதிய நீண்ட முன்னுரையில், வேட்டைக்காரனை விழிப்பு நிலையின் மாதிரியாகவே காட்டினார். மனிதன் தன் கருவி பலத்தை வேண்டுமென்றே கட்டுப்படுத்தி, விலங்குக்குத் தப்பும் வாய்ப்பை விட்டுவைக்கிறான். அதனால்தான் அது வேட்டை, வெறும் கொலையல்ல என்பது அவர் வாதம். பரணில் உட்கார்ந்தவனுக்கு இந்த வாதம் பொருந்துமா? மணிக்கணக்காகக் காத்திருப்பது உண்மை. பெரும்பாலான மாலைகளில் எதுவும் வராமல் இறங்கிப்போவதும் உண்மை. நரியும் ஆந்தையும் பக்கத்தில் பழகும் அளவுக்கு அசையாமல் இருந்தவனின் அனுபவத்தை நான் கேலி செய்யத் தயாரில்லை. ஆனால் ஓர்த்தெகாவின் வேட்டைக்காரன் விலங்கோடு ஒரே தரையில் நிற்கிறான். பரண்காரன் தரையை விட்டுவிட்டான். அவன் விழிப்பின் முடிவு பட்டியலில் முன்கூட்டியே எழுதப்பட்டிருக்கிறது.

ஜெர்மனியில் இன்று வருஷத்துக்குப் பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட சிறுமான்கள் சுடப்படுகின்றன. புலியும் இல்லை, ஓநாயும் கரடியும் நூற்றாண்டுக்கு மேல் இல்லாமல் இருந்து ஓநாய் மட்டும் மெல்லத் திரும்புகிற நாட்டில், யாராவது சுட்டாக வேண்டும் என்கிறார்கள் வனத்துறையினர். இல்லாவிட்டால் கன்று மரங்கள் மிஞ்சாது. பயிர் அழிந்தால் பெரும்பாலும் குத்தகைக்காரன் குடியானவனுக்கு நஷ்டஈடு கொடுக்கிறான். லோட்ஸரின் நாலாவது ஷரத்துக்குக் கிடைத்த தாமதமான பதில் என்று இதைக் கொள்ளலாம். பரண் இப்போது காவலும் செய்கிறது. இதை மறுப்பது நேர்மையாகாது. எதிர்ப்பாளர்கள் இரவில் வந்து பரணின் காலைப் பாதி அறுத்துவைத்துவிட்டுப் போவதும் நடக்கிறது. அதை நியாயப்படுத்துவதும் நேர்மையாகாது.

நம் மொழியில் ‘ஹோக்ஸிட்ஸ்’ என்பதற்குப் பரணைத் தவிர வேறு சொல் இல்லை. பழைய சொற்கள் வேண்டுமானால் இதணம், கழுது, பணவை. குறிஞ்சிப்பாட்டில் தினைப்புனக் காவலன் புலிக்கு அஞ்சி மரத்தின் மேல் இதணம் கட்டியிருக்கிறான். அதில் ஏறித் தலைவியும் தோழியும் தழல், தட்டை, குளிர் என்ற கருவிகளால் ஒலியெழுப்பிக் கிளி ஓட்டுகிறார்கள். இரவில் பன்றியையும் யானையையும் விரட்டுகிறவனும் கத்துகிறான், கவண் வீசுகிறான், தீப்பந்தம் காட்டுகிறான். இந்தப் பரணின் இலக்கணமே சத்தம். தான் இருப்பதை விலங்குக்கு அறிவித்துவிடுகிறது, போய்விடு என்கிறது. அறிவித்துவிடுவதால்தான் அங்கே அன்னியன் ஒருவன் வந்து பேச்சுக் கொடுக்கவும் முடிகிறது. அகத்திணையின் ஒரு கிளையே அந்தச் சத்தத்திலிருந்து முளைத்தது. காட்டுப் பரணில் ஏறியவனிடம் யாரும் பேச்சுக் கொடுக்க முடியாது. பேசினால் மான் போய்விடும்.

பத்துப் பதினைந்து வருஷமாக நம் கவிதையிலும் விமர்சனத்திலும் மௌனம் என்ற சொல்லுக்கு ஒரு கௌரவம் ஏற்பட்டிருக்கிறது. பேசாதவன் ஆழமானவன், விலகி உயரத்தில் இருந்து பார்ப்பவன் கலைஞன், சத்தம் போடுகிறவன் பிரசாரகன். நானே இப்படி எழுதுகிறவர்களை மதித்து வாசிக்கிறேன். ஆனால் கம்பளம் விரித்து, எண்ணெய் விட்டு, சருகு பெருக்கித் தயாரித்த மௌனமும் ஒன்று உண்டு என்பதைப் பரணின் சரித்திரம் காட்டுகிறது. ஒரு கவிதையின் மௌனத்தைப் புகழும்முன், அது எதன்மேல் கவிந்திருக்கிறது, யார் காதில் விழாமல் இருக்க என்று கேட்டுப் பார்ப்பதில் தப்பில்லை.

பவேரியாவுக்கும் செக் நாட்டுக்கும் நடுவே பனிப்போர்க் காலத்தில் மின்வேலி இருந்தது. 1989க்குப் பின் அகற்றப்பட்டது. கழுத்தில் கருவி கட்டிச் செம்மான்களைத் தொடர்ந்த ஆய்வாளர்கள் 2014 இல் ஒரு விஷயத்தைத் தெரிவித்தார்கள். கால் நூற்றாண்டுக்குப் பின்னும் மான்கள் பெரும்பாலும் அந்தக் கோட்டைத் தாண்டுவதில்லை. வேலியைக் கண்ட மான் எதுவும் அப்போது உயிரோடு இருந்திருக்க முடியாது; மான் அவ்வளவு காலம் வாழாது. தாயின் பின்னால் நடந்து குட்டி கற்றுக்கொண்டது. போல்க்கே வரைந்த கூண்டில் ஆள் இல்லாததற்கு இதைவிட நல்ல உரை எனக்குத் தெரியவில்லை.